செம்பைப் பிடிப்பதும் விடுவதும்: ஒரு குட்டிப் பெப்டைடின் ஐம்பது ஆண்டுக் கதை

சில மாதங்களாக எனக்கு வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் ஒரு நீலப் பொடி அடிக்கடி தலைகாட்டுகிறது. சின்னக் கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீலக் கட்டி. பெயர் ஜிஎச்கே-காப்பர். சுருக்கம் போகும், முடி வளரும், புண் ஆறும், வயசே குறையும் என்று பட்டியல் நீளுகிறது. அதே குப்பியின் லேபிளில் பொடி எழுத்தில் 'ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றும் போட்டிருக்கிறார்கள். ஆய்வகத்துக்கு மட்டும் என்றால் ஃபேமிலி குரூப்பில் எதற்கு வருகிறது?

நான் வேதியியல்காரன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு சத்தம் கேட்டால், அதைப் பற்றிய முதல் கட்டுரையை யார் எழுதினார்கள், எந்த வருஷம், எதைப் பார்த்து எழுதினார்கள் என்று தேடிப் போகிற பழக்கம் உண்டு. அப்படி எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன். இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்வி: இந்த மூலக்கூறு செம்பை யாரிடமிருந்து வாங்குகிறது, யாரிடம் கொடுக்கிறது? அதைக் கவனித்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

1973: கல்லீரலில் தொடங்கியது

1970-களின் தொடக்கத்தில் லாரன் பிக்கார்ட் சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். தோல், முடி, அழகு எதுவும் அன்று அவர் மனதில் இல்லை. அவர் பார்த்தது கல்லீரல். வயதானவர்களின் கல்லீரல் திசுவை இளைஞர்களின் இரத்தப் பிளாஸ்மாவோடு வைத்தால், அது இளம் திசுவைப் போலப் புரதம் தயாரிக்கிறது என்பது தான் கண்ட முதல் தடயம் என்று பின்னாளில் எழுதிய கட்டுரைகளில் அவர் சொல்கிறார். அப்படியானால் இளம் இரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பிளாஸ்மாவின் ஆல்புமின் பகுதியைப் பிரித்துப் பிரித்துப் போனதில் மிகச் சிறிய ஒரு பெப்டைட் கிடைத்தது.

1973-ல் பிக்கார்டும் மைக்கேல் தேலரும் 'நேச்சர் நியூ பயாலஜி' இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இது சாதாரணக் கல்லீரல் செல்களை அதிக நாள் வாழவைக்கிறது. இரண்டு, புற்றான கல்லீரல் செல்களை வளரத் தூண்டுகிறது. இன்றைய விளம்பரங்களில் முதல் பாதி மட்டும்தான் வருகிறது. இரண்டாவது பாதியைப் படித்துப் பயப்படச் சொல்லவில்லை. கண்ணாடித் தட்டில் வளரும் செல்லுக்கும் மனித உடலுக்கும் நிறைய தூரம். ஆனால் தட்டில் நடந்த நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது நியாயம் இல்லை.

1977-ல் அதன் அமைப்பு தெரிந்தது: கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே அமினோ அமிலங்கள். மூன்றின் குறியெழுத்துகளைச் சேர்த்தால் ஜி, எச், கே. நம் இரத்தத்தில் ஓடும் ஆல்புமின் புரதத்தில் 585 அமினோ அமிலங்கள். அதன் பக்கத்தில் இது ஒரு கடுகு.

இதில் செம்பு எப்போது வந்தது? 1980-ல்தான். இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பெப்டைடோடு செம்பும் கொஞ்சம் இரும்பும் கூடவே வருவதைக் கவனித்தார்கள். அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் பிக்கார்டும் சக ஆய்வாளர்களும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: இந்தப் பெப்டைட் வேலை செய்வது செல்லுக்குள் செம்பு நுழைய உதவுவதன் வழியாக இருக்கலாம். ஏழு வருஷம் பெப்டைடைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அதன் மேல் சவாரி செய்த உலோகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூட லேபில் பார்த்த ஊதா நிறம்

செம்பும் புரதமும் ஒட்டிக்கொள்ளும் என்பது அதற்கெல்லாம் மிக முந்தைய செய்தி. பள்ளிக்கூட லேபில் பையூரெட் சோதனை செய்திருப்பீர்கள். முட்டை வெள்ளைக்கருவில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, இரண்டு சொட்டு காப்பர் சல்ஃபேட். உடனே ஊதா. நம்ம ஊர் நாட்டுமருந்துக் கடையில் மயில்துத்தம், துருசு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே காப்பர் சல்ஃபேட்தான். புரதமும் செம்பும் சேர்ந்து இப்படி நிறம் மாறுவதை ஜெர்மன் வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ரோஸ் 1833-லேயே எழுதிவைத்தார். 1949-ல் டொராண்டோவில் கோர்னல் குழுவினர் இந்த ஊதா நிறத்தின் ஆழத்தை வைத்து இரத்தப் புரதத்தை அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். இன்றும் டோட்டல் புரோட்டீன் டெஸ்ட் பெரும்பாலும் இந்த வழியில்தான் செய்யப்படுகிறது.

ஊதா ஏன் வருகிறது? இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைட் பிணைப்பில் ஒரு நைட்ரஜன் இருக்கிறது. அந்த நைட்ரஜன் ஒரு ஹைட்ரஜனைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும், சாதாரணமாக விடாது. செம்பு அயனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் விட்டுவிடும், அந்த இடத்தைச் செம்பு எடுத்துக்கொள்ளும். பையூரெட் சோதனையில் இதற்குக் கடும் காரம் தேவைப்படுகிறது. ஜிஎச்கே-க்கு அது தேவையில்லை. நம் இரத்தத்தின் பிஎச் அளவான 7.4-லேயே நடந்துவிடுகிறது. காரணம் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஹிஸ்டிடின்.

மூன்று கை, நான்கு மூலை

செம்பு அயனியை ஒரு சதுரப் பலகையின் நடுவில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஜிஎச்கே மூன்று மூலைகளைப் பிடிக்கிறது. சங்கிலியின் தொடக்கத்திலுள்ள கிளைசினின் அமினோ நைட்ரஜன் ஒன்று. கிளைசினுக்கும் ஹிஸ்டிடினுக்கும் நடுவேயுள்ள பெப்டைட் நைட்ரஜன் இரண்டாவது. ஹிஸ்டிடின் வளையத்தின் நைட்ரஜன் மூன்றாவது. நான்காவது மூலை காலி. படிகமாக்கி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அந்த நான்காவது மூலையைப் பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜன் வந்து பிடித்திருந்தது. கரைசலில் தண்ணீரோ, வேறு எதுவோ அங்கே வந்து போகலாம். லைசினின் நீண்ட வால் செம்பைத் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஆல்புமினைப் பாருங்கள். மனித ஆல்புமினின் சங்கிலியில் ஹிஸ்டிடின் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. ஒரு இடம் தள்ளி உட்கார்ந்ததால் கூடுதலாக ஒரு பெப்டைட் நைட்ரஜன் கிடைக்கிறது. நான்கு மூலையும் நிரம்பிவிடுகிறது. நாயின் ஆல்புமினில் அதே மூன்றாவது இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் டைரோசின். அதனால் நாயின் ஆல்புமின் செம்பை அவ்வளவு உறுதியாகப் பிடிப்பதில்லை என்று 1971-ல் டொராண்டோவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் ஒரு விலங்கின் இரத்தத்தில் செம்பு போகும் வழியே மாறுகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த தகவல் இதுதான்.

அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பிபுதேந்திர சர்க்கார். டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் வேலை செய்த இந்திய வம்சாவளி உயிர்வேதியியலாளர். 1981-ல் லாவ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து ஜிஎச்கே செம்பை எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று அளந்ததும் இவர்தான். மடக்கை அளவில் 16.44. ஆல்புமினுக்குச் சொல்லப்படும் எண் 16.2. மடக்கையில் 0.24 வித்தியாசம் என்றால் நிஜத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. ஏறக்குறைய சம பலம். அதனால் ஆல்புமினிடமிருந்து ஜிஎச்கே செம்பை வாங்கவும் முடியும், திருப்பிக் கொடுக்கவும் முடியும். இந்த 'ஏறக்குறைய சம பலம்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஏன் உடல் செம்பைத் தனியே விடுவதில்லை

நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள். புளிப்பு பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும், வாந்தி வரும். மிளகுத் தோட்டத்தில் பூஞ்சையைக் கொல்ல அடிக்கிற போர்டோ கலவையிலும் வேலை செய்வது செம்புதான். செம்பு அயனி தனியாகத் திரிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல்லைச் சேதப்படுத்தும் ரேடிகல்களை உண்டாக்கும்.

ஆனால் செம்பு இல்லாமலும் முடியாது. செல்லுக்குள் சுவாச நொதி, கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதி, தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நொதி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அதனால் உடல் செம்பைக் கைமாற்றிக் கைமாற்றி மட்டுமே கொண்டுபோகிறது. 1999-ல் ஈஸ்ட் செல்லை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், ஒரு செல்லுக்குள் கட்டப்படாத செம்பு அயனி சராசரியாக ஒன்றுகூட இல்லை என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். உடலில் செம்பு எப்போதும் யாரோ ஒருவர் கையில்தான் இருக்கிறது.

அதே டொராண்டோ, அதே செம்பு, வேறொரு கேள்வி

இந்த இடத்தில் ஜிஎச்கே-யை விட்டு இன்னொரு செம்புக் கூட்டுப்பொருளைப் பார்க்க வேண்டும். பெப்டைட்கூட இல்லை, வெறும் ஹிஸ்டிடினும் செம்பும். 1960-களின் நடுவில் மனித இரத்தத்தில் அமினோ அமிலங்களோடு, குறிப்பாக ஹிஸ்டிடினோடு, கட்டப்பட்ட செம்பு கொஞ்சம் ஓடுகிறது என்று சர்க்கார் காட்டினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1962-ல், நியூயார்க்கில் ஜான் மென்கிஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரே குடும்பத்தில் ஐந்து ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். பிறந்து சில வாரங்களில் வளர்ச்சி நின்றுவிடும், வலிப்பு வரும், சின்ன வயதிலேயே இறந்துவிடுவார்கள். முடி மட்டும் வித்தியாசமாக, நிறமில்லாமல், முறுக்கிய கம்பிபோல இருக்கும். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மெல்போர்னில் இருந்த டேவிட் டேங்க்ஸ். ஆஸ்திரேலியாவில் செம்புச் சத்து இல்லாத மேய்ச்சல் நிலத்தில் வளரும் ஆடுகளின் ரோமம் சுருள் இழந்து கம்பிபோல ஆகிவிடும். குட்டிகளுக்கு நரம்பு பாதித்துக் கால் தள்ளாடும். 1930-களிலேயே மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னெட்ஸ் என்ற கால்நடை ஆய்வாளர் அதைச் செம்புக் குறைபாட்டோடு இணைத்திருந்தார். இந்தக் குழந்தைகளின் முடியைப் பார்த்த டேங்க்ஸுக்கு அந்த ஆட்டு ரோமம் நினைவுக்கு வந்தது. இரத்தத்தில் செம்பை அளந்தார். மிகக் குறைவு. 1972-ல் வெளியிட்டார். சாப்பாட்டில் செம்பு இருக்கிறது, குடல் சுவர் வரை வருகிறது, அங்கேயே சிக்கிக்கொள்கிறது. இரத்தத்துக்குள் இறக்கிவிடும் பம்பு பழுது. அந்தப் பம்புக்கான மரபணு 1993-ல் அடையாளம் காணப்பட்டது.

இப்போது கேள்வி தெளிவானது: குடலைத் தாண்டி, ஊசி வழியாக, உடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் செம்பைக் கொடுக்க முடியுமா? உடலே பயன்படுத்தும் வடிவம் சர்க்காரின் கையில் ஏற்கெனவே இருந்தது. 1976-லிருந்து டொராண்டோவில் செம்பு-ஹிஸ்டிடின் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாக் குழந்தைகளையும் அது காப்பாற்றவில்லை. மூளை பாதிக்கப்படும் முன், பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன். பம்பு எவ்வளவு பழுது என்பதையும் பொறுத்தது. ஆனால் 2008-ல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் கேலர் குழு வெளியிட்ட முடிவைப் பாருங்கள். பிறந்த உடனே சிகிச்சை தொடங்கிய 12 குழந்தைகளில் 92 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கவனித்த காலம் இடைநிலையாக 4.6 ஆண்டுகள். தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட 15 பேரில் பிழைத்திருந்தவர்கள் 13 சதவீதம். அவர்களைக் கவனித்த காலம் 1.8 ஆண்டுகள்தான்.

இங்கே யாருக்குச் செம்பு இல்லை, ஏன் இல்லை, எந்த வழியில் கொடுத்தால் போய்ச் சேரும், சேர்ந்ததா இல்லையா என்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தேடப்பட்டது. இதை வைத்துக்கொண்டு ஜிஎச்கே-க்குத் திரும்புவோம்.

கொலாஜனில் ஒளிந்திருந்த மூன்றெழுத்து

1988-ல் பிரான்சின் ரேன்ஸ் நகரத்திலிருந்து மாகார் குழுவினர் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். பிக்கார்டும் கூட எழுதியவர். தோலின் இணைப்புத் திசுவில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் ஜிஎச்கே-காப்பரைச் சேர்த்தால் கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. நானோமோலார் அளவு, அதாவது ஒரு லிட்டரில் ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே உச்ச பலன். கொலாஜன் முதல் வகையின் ஒரு சங்கிலியில் இதே கிளைசின்-ஹிஸ்டிடின்-லைசின் வரிசை இருக்கிறது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். காயம் பட்டுக் கொலாஜன் உடையும்போது அந்தத் துண்டு வெளியே வந்து பழுதுபார்க்கச் சொல்லிச் சைகை தருமோ என்பது அவர்கள் ஊகம்.

கொலாஜனில் கிளைசினில் தொடங்கும் மூன்று மணி வரிசை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதற்குக் காரணம் சொல்ல நம் சென்னைக்கு வர வேண்டும். 1954-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு என்று முன்வைத்தார்கள். மூன்று சங்கிலிகளும் நெருக்கமாக முறுக்கிக்கொள்ள, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தே ஆக வேண்டும். வேறு எதற்கும் அங்கே இடம் பற்றாது. ஆகவே கொலாஜன் முழுக்கக் கிளைசினில் தொடங்கும் மும்மூன்று மணிகள்தான். அவற்றில் ஒன்று ஜிஎச்கே.

யூனிட் டெஸ்ட் பாஸ், புரொடக்‌ஷனில்?

தட்டில் வந்த முடிவு நன்றாக இருந்தது. பிக்கார்ட் 1985-ல் வாஷிங்டன் மாநிலத்தில் புரோசைட் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். ஆறாத புண்களுக்கு இதை மருந்தாக்குவது நோக்கம். நல்ல நோக்கம்தான். சர்க்கரை நோயாளி ஒருவரின் கால் புண்ணை வீட்டில் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

1992-ல் காலில் சிரைக் கோளாறால் வந்த புண்களில் நடத்திய சோதனை வெளியானது. மொத்தம் 86 நோயாளிகள், மூன்று பிரிவு. தீக்காயத்துக்குப் போடுவோமே, அந்த வெள்ளி மருந்தான சில்வர் சல்ஃபாடயசின் போட்டவர்களுக்குப் புண்ணின் அளவு 44 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெறும் கிரீம் போட்டவர்களுக்கு 22.5 சதவீதம். ஜிஎச்கே-காப்பர் கிரீம் போட்டவர்களுக்கு 18.7 சதவீதம். வெறும் கிரீமைவிட ஒரு படி கீழே.

1994-ல் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் வேறு மாதிரி முடிவு வந்தது. புண்ணைச் சுத்தம் செய்த உடனே ஜெல் தடவியவர்களுக்கு இடைநிலையாக 98.5 சதவீதம் மூடியது. மருந்தில்லாத ஜெல்லில் 60.8 சதவீதம். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் இந்த வெற்றி பெரிய சோதனைகளில் உறுதிப்பட்டு மருந்தாக அங்கீகாரம் பெறும் நிலைக்குப் போகவே இல்லை. அந்த ஜெல் கடைசியில் புண்ணை ஈரமாக வைத்திருக்கும் கட்டுப்பொருள் என்ற வகையில் சந்தைக்கு வந்தது. பெப்டைட் அழகுசாதனக் கிரீம்களுக்குள் போனது. லேபிளில் 'காப்பர் ட்ரைபெப்டைட்-1' என்று இருந்தால் அது இதுதான். அழகுசாதனம் என்று சொல்லி விற்றால் மருந்துக்குக் கேட்கிற அளவு ஆதாரத்தை யாரும் கேட்பதில்லை.

எங்கள் வேலையில் இது தினமும் பார்க்கிற காட்சி. யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. நிஜப் பயனர்கள் வந்ததும் வேறு முகம். யாரையும் மோசடிக்காரர் என்று சொல்ல வரவில்லை. தட்டில் நடந்தது உண்மை. புண்ணில் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்பதும் உண்மை.

ஆய்வகத்தில் எப்படிக் கையாளுகிறார்கள்

'ஆய்வகத்துக்கு மட்டும்' என்று லேபிள் சொல்கிறதே, ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்? மேலே சொன்ன வேதியியல் தெரிந்தால் ஒவ்வொரு விதிக்கும் காரணம் புரியும்.

செம்பு சேராத ஜிஎச்கே வெள்ளைப் பொடி. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆகவே மூடி, உலர்வாக, மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். ஃப்ரீஸரிலிருந்து எடுத்தவுடன் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பொடியின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும்.

செம்பைச் சேர்ப்பது ஒன்றுக்கு ஒன்று என்ற மோல் கணக்கில். ஜிஎச்கே-யின் மூலக்கூறு எடை 340.4. மயில்துத்தத்தின் எடை 249.7. எனவே 100 மில்லிகிராம் பெப்டைடுக்கு 73.4 மில்லிகிராம் மயில்துத்தம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பெப்டைட் பொடி பெரும்பாலும் அசிட்டேட் உப்பாக வரும். கூடவே தண்ணீரும் இருக்கும். 100 மில்லிகிராம் பொடியில் நிஜப் பெப்டைட் 80 மில்லிகிராம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 73.4 மில்லிகிராம் மயில்துத்தம் போட்டால், போட்ட செம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அது தனிச் செம்பு. செல்லில் அதைச் சேர்த்து ஏதாவது மாற்றம் வந்தால், பெப்டைட் செய்ததா தனிச் செம்பு செய்ததா என்று சொல்ல முடியாது. அதனால் கவனமானவர்கள் பெப்டைடைக் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார்கள்.

அடுத்தது பிஎச். சேர்க்கும்போது பெப்டைட் நைட்ரஜன் ஹைட்ரஜனை விடுவதால் கரைசல் அமிலமாகும். சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். வெளிர்நீலம் மாறி ஆழ்ந்த நீலமாகும்போது செம்பு உள்ளே உட்கார்ந்துவிட்டது என்று கண்ணாலேயே தெரியும். கலங்கினால், பிடிபடாத செம்பு ஹைட்ராக்சைடாகப் படிகிறது என்று அர்த்தம். மாறாக அமிலம் கூடினால், ஹைட்ரஜன் அயனிகள் நைட்ரஜன்களைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், செம்பு கழன்றுவிடும்.

எதோடு சேர்க்கக் கூடாது என்பதும் இதே தர்க்கம்தான். இடிடிஏ செம்பை இதைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். ஒரே நொடியில் பறித்துக்கொள்ளும். டிரிஸ் பஃபரும் கிளைசினும் செம்புக்குப் போட்டி போடும். டிடிடி, வைட்டமின் சி போன்றவை செம்பு அயனியின் மின்சுமையைக் குறைத்துவிடும். அந்த வடிவச் செம்பை இந்தச் சதுர அமைப்பு சரியாகப் பிடிக்காது. வைட்டமின் சி சீரமும் காப்பர் பெப்டைட் சீரமும் ஒன்றாகப் போடாதே என்று அழகுக்குறிப்புகளில் சொல்வதன் அடிப்படை இது.

கரைசலைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவைப்பார்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் கெடும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி பறக்காமல் எடை போடுவார்கள். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாமல் உலோகக் கழிவுக் கலனில் சேர்ப்பார்கள். செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு.

இன்னொன்று, குப்பி விற்பவர்கள் காட்டும் '99 சதவீதம் தூய்மை' சான்றிதழ். அது வழக்கமாக எச்பிஎல்சி என்ற கருவியில் எடுத்தது. அதில் ஓடும் திரவம் பொதுவாகக் கடும் அமிலம், பிஎச் 2 அளவில். அந்த அமிலத்தில் செம்பு கழன்றுவிடும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே அந்த எண் பெப்டைடின் தூய்மையைச் சொல்கிறதே தவிர, செம்பு சரியான அளவில் கட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்வதில்லை. கிருமி நச்சு இருக்கிறதா என்பதையும் சொல்வதில்லை. செம்புக்குத் தனியாக உலோகப் பகுப்பாய்வு வேண்டும். ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்ட தூய கூட்டுப்பொருளில் எடையில் 15.8 சதவீதம் செம்பு இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கணக்கு

மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன 'ஏறக்குறைய சம பலம்' இப்போது வேண்டும். பிக்கார்டின் கட்டுரைகள்படி இருபது வயதில் இரத்தப் பிளாஸ்மாவில் ஜிஎச்கே மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம். அறுபது வயதில் 80. வயசு குறையும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இந்த இரண்டு எண்கள்தான். 200 நானோகிராமை மோலாக மாற்றினால் லிட்டருக்குச் சுமார் 0.6 மைக்ரோமோல். ஆல்புமின் லிட்டருக்குச் சுமார் 40 கிராம், அதாவது 600 மைக்ரோமோல். ஆயிரம் மடங்கு.

பிடிக்கும் பலம் ஏறக்குறைய சமம், எண்ணிக்கையில் ஆயிரத்துக்கு ஒன்று. அப்படியானால் இரத்தத்தில் கைமாறக்கூடிய செம்பில் எவ்வளவு ஜிஎச்கே-யிடம் நிற்கும்? சமநிலைக் கணக்குப்படி நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஜிஎச்கே-காப்பரை ஊசியில் ஏற்றினாலும், செம்பின் பெரும்பகுதி ஆல்புமின் கைக்குப் போய்விடும் என்றே எதிர்பார்க்க வேண்டும். தோலின் மேல் தடவும்போதும், புண்ணின் ஈரத்துக்குள்ளும் நிலைமை வேறு. அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் 'இளமையில் இருந்த அளவைத் திரும்ப நிரப்புகிறோம்' என்று ஊசி விற்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதாகவே தெரியவில்லை. 2023-ல் அமெரிக்க எஃப்டிஏ, மருந்துக் கலவைக் கூடங்கள் ஊசிக்காகப் பயன்படுத்தும் பொருட்களில் ஜிஎச்கே-காப்பரைப் பாதுகாப்பு பற்றிக் கவலை உள்ள பட்டியலில் வைத்தது.

மென்கிஸ் நோய்க் குழந்தைக்குப் போடும் ஊசியிலும் செம்புதான், ஹிஸ்டிடின்தான். அங்கே செம்பு ஆல்புமின் கைக்குப் போவது பிரச்சினை இல்லை. போக வேண்டும் என்பதுதான் திட்டம். இரத்தத்தில் அளந்து, குழந்தையைக் கவனித்து, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணி முடிவு சொன்னார்கள். அதற்கே முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

குப்பியை ஃபார்வர்டு செய்தவர்களிடம் நான் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். இதில் செம்பு எவ்வளவு என்று உலோகப் பகுப்பாய்வில் அளந்தார்களா? உடலுக்குள் போனதும் அந்தச் செம்பு யாரிடம் போகிறது? எத்தனை பேருக்குக் கொடுத்து, வெறும் மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? இதுவரை மூன்றாவது கேள்விக்கு எனக்கு வந்த பதில்கள் எல்லாம் 'முன்-பின்' போட்டோக்கள்தான்.

இரத்தத்திலுள்ள செம்பில் பெரும்பங்கைத் தூக்கிச் சுமப்பது செருலோபிளாஸ்மின் என்ற வான்நீலப் புரதம். 1948-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள். அதற்கும் செம்பு உடலில் தேங்கிப்போகும் வில்சன் நோய்க்கும் உள்ள தொடர்பு தனிக் கதை. அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.